தண்டச்சோறு

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸின் அம்மா தன் மகனைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. ஓர் அலமாரிக்குள் நல்ல கம்ப்யூட்டராக ஒன்றை வைத்து, இவனையும் உள்ளே தள்ளி, அவ்வப்போது காய்ந்த பாஸ்தாவைப் போட்டுக்கொண்டிருந்தால் போதும், பையன் சந்தோஷமாக இருப்பான் என்று. ஹெல்சிங்கியில் இதற்குத் தாய்ப்பாசம் என்று பெயர். திருச்சியில் தண்டச்சோறு என்று பெயர்.

திறமூல மென்பொருளுக்கு நாடு கிடையாது, மொழி கிடையாது, எல்லை கிடையாது என்று மாநாட்டு மேடைகளில் முழங்குவார்கள். முழங்கிவிட்டுப் பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். அத்தனையும் புருடா. ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஊர், வளர்ந்த வீடு, மல்லுக்கு நின்ற பங்காளி எல்லாம் உண்டு. ஜாதகத்தை விரித்தால் இரண்டு கிரகங்கள் தவறாமல் உட்கார்ந்திருக்கும். ஒன்று, உள்ளூர் அரசாங்கமோ கம்பெனியோ காலேஜோ கொடுத்த எரிச்சல். இன்னொன்று, அந்த எரிச்சலை நிதானமாக உட்கார்ந்து அனுபவிக்க யாரோ ஒரு புண்ணியவான் போட்ட சோறு.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். பெரியண்ணனை விட்டுவிட்டுப் பந்தி போட்டால் கோபித்துக்கொள்வார்.

1956-இல் அமெரிக்க அரசு ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி ஏகபோகத்தை நீதிமன்றத்தில் நிறுத்தி, “நீ டெலிபோன் மட்டும் பார். பக்கத்தில் வேறு கடை விரிக்கக் கூடாது” என்று எழுதி வாங்கிக்கொண்டது. 1969-இல் அதே கம்பெனியின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். அருமையான சரக்கு, ஆனால் கடை போட முடியாது. எனவே பேருக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகங்களுக்கு டேப்பை அனுப்பினார்கள். விளம்பரம் இல்லை, சர்வீஸ் இல்லை, ரிப்பேர் ஆனால் எங்களைத் தேடி வராதே. வாங்கியவர்கள் வேறு வழியில்லாமல் ஒருவருக்கொருவர் பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டார்கள். ஊர்கூடித் தேர் இழுத்ததற்குக் காரணம் பக்தி இல்லை. தேரின் சொந்தக்காரர் வடம் பிடிக்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

சிட்னியில் ஜான் லயன்ஸ் என்றொரு பேராசிரியர், திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதியதுபோல யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக்கு வரிவரியாக உரை எழுதினார். அடுத்த பதிப்பு வந்ததும், சோர்ஸ் கோடை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று ஏடி அண்ட் டி தடை போட்டது. தடை போட்டால் என்ன ஆகும் என்று எந்த ஊர் மாணவனைக் கேட்டாலும் சொல்வான். அந்த உரை உலகம் பூராவும் ஜெராக்ஸ் ஆனது. ஜெராக்ஸின் ஜெராக்ஸும் ஜெராக்ஸ் ஆனது. எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, யாரோ ஒருவரின் காபிக் கறையோடு பத்துத் தலைமுறை தாண்டிய பிரதியை வைத்துப் படித்தவர்கள் பிற்காலத்தில் பெரிய பெரிய பதவிகளில் உட்கார்ந்தார்கள். முறைப்படி புத்தகமாக அச்சானது 1996-இல், இருபது வருஷம் கழித்து.

எரிச்சலைத் தத்துவமாக்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. அது அடிக்கடி பேப்பரை மென்றது. பழைய பிரிண்டர் மக்கர் செய்தால், காத்திருப்பவர்களின் திரைக்குச் சேதி போகும்படி ஸ்டால்மன் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். புதிய பிரிண்டருக்கும் அதையே செய்யலாம் என்றால் சோர்ஸ் கோடு இல்லை. அது கார்னகி மெலனில் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். “தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்” என்றார் அவர். நாமாக இருந்தால் பிரிண்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். ஸ்டால்மன் ஒரு மதத்தை ஸ்தாபிக்கப் போனார். 1983 செப்டம்பரில், யாரும் படித்து மாற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளம் ஒன்றை எழுதும் ‘குனூ’ திட்டத்தை அறிவித்து, 1984 ஜனவரியில் வேலையை ராஜினாமா செய்தார். இங்கேதான் கவனிக்க வேண்டும்: ராஜினாமா செய்தவரை எம்.ஐ.டி. வெளியே தள்ளவில்லை. அதே அறையை, அதே கம்ப்யூட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தவிட்டது. அவர் அந்த அறையிலேயே படுத்துத் தூங்கினார். நம்மூர் அலுவலகத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்த மறு நிமிஷம் செக்யூரிட்டி வந்து அடையாள அட்டையைக் கழற்றி வாங்குவார். நாற்காலி அதற்குள் பக்கத்து சீட்டுக்குப் போயிருக்கும்.

ஸ்டால்மன் எல்லாவற்றையும் எழுதினார், நடுவில் இருக்க வேண்டிய கெர்னலைத் தவிர. அதற்கு ‘ஹர்ட்’ என்று பெயர் வைத்து 1990-இல் பூஜை போட்டார்கள். அது இன்னும் 1.0-ஐத் தொடவில்லை.

இதற்கு நடுவே ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டனன்பாம் என்ற பேராசிரியர், யூனிக்ஸைச் சொல்லித்தரத் தடையா, நானே ஒன்று எழுதிக்கொள்கிறேன் என்று 1987-இல் மினிக்ஸை வெளியிட்டார். பாடப்புத்தகத்துக்குத் துணை, பையன்கள் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வாத்தியார் புத்தி.

அந்தப் புத்தகம் ஹெல்சிங்கிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஃபின்லாந்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். சென்னை மாநகரத்தின் மக்கள்தொகைகூட முழு நாட்டுக்கும் கிடையாது. குளிர்காலத்தில் சூரியன் மதியம் மூன்று மணிக்கே கடையைச் சாத்திவிடும். வெளியே போக வழியில்லை. போனாலும் ஃபின்லாந்துக்காரர்கள் பேச மாட்டார்கள். உலகத்திலேயே பேச்சில் இவ்வளவு சிக்கனமான ஒரு ஜனம், ஓலூ நகரத்தில் 1988-இல் ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டையைக் கண்டுபிடித்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. முகத்தைப் பார்க்காமல் பேச வழி கிடைத்ததும் ஊரே வாயைத் திறந்திருக்கிறது.

லினஸ் அங்கே ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மைக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு தாத்தா புள்ளியியல் பேராசிரியர், இன்னொரு தாத்தா கவிஞர், அப்பா மாஸ்கோவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த கம்யூனிஸ்ட். பேராசிரியர் தாத்தா வாங்கிய கமோடோர் கம்ப்யூட்டரில்தான் பேரன் கை பழகினான். கல்லூரியில் ஃபீஸ் கிடையாது. அரசு உதவித்தொகை உண்டு. இத்தனை வருஷத்தில் முடி என்று கழுத்தைப் பிடிப்பாரும் இல்லை. 1988-இல் சேர்ந்தவர் நடுவில் கட்டாய ராணுவ சேவைக்குப் போய்வந்து, ஆற அமர 1990-களின் பாதியைத் தாண்டித்தான் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வந்தார். நம் பக்கத்தில் அந்த வேகத்தில் படித்தால் அரியர் கோஷ்டி என்பார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள்.

1991 ஜனவரியில் தவணை முறையில் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கினார். மினிக்ஸை ஏற்றினார். வீட்டிலிருந்து மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் செய்திக்குழுக்களைப் படிக்க ஆசை. மினிக்ஸோடு வந்த கருவி சரியில்லை என்று தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஃபைல் இறக்கிவைக்க வேண்டும் என்று இன்னொரு பகுதி. இப்படித் திண்ணை கட்டப் போய் வீடு எழும்பிக்கொண்டிருந்த நாளில், மோடத்துக்கு டயல் செய்வதாக நினைத்து ஹார்ட் டிஸ்க்குக்கு டயல் செய்துவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி கந்தலானது. மறுபடி மினிக்ஸை ஏற்றுவதா, இல்லை இந்த அரைகுறை வீட்டுக்கே குடி போய்விடுவதா? குடி போய்விட்டார். லினக்ஸின் கிரகப்பிரவேசம் ஒரு ராங் நம்பரால் நடந்தது.

அந்த ஆகஸ்டில், ஏதோ பொழுதுபோக்காகச் செய்கிறேன், குனூ மாதிரி பெரிதாக எல்லாம் வராது என்று செய்திக்குழுவில் எழுதினார். வைத்த பெயர் ‘ஃப்ரீக்ஸ்’. சர்வரில் இடம் கொடுத்த ஆரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ‘லினக்ஸ்’ என்று ஃபோல்டர் போட்டுவிட்டார். சத்திரத்தில் இடம் கொடுத்தவர் பிள்ளைக்கும் பெயர் வைத்துவிட்டுப் போனார். காசு வேண்டாம், போஸ்ட் கார்டு அனுப்புங்கள் என்று லினஸ் கேட்க, நாலா திசையிலிருந்தும் கார்டுகள் வந்தன. பிறகு பயன்படுத்தியவர்களே வசூல் செய்து, அந்த 386-இன் மீதித் தவணையையும் அடைத்தார்கள்.

1992 ஜனவரியில் டனன்பாம் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, லினக்ஸ் காலாவதியான சரக்கு, என் மாணவனாக இருந்திருந்தால் இதற்கு நல்ல மார்க் போட மாட்டேன் என்றார். லினஸ் திருப்பிக் கொடுத்தார், வட்டியோடு. அதே ஆண்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் வாரிசின் மேல் ஏடி அண்ட் டி.யின் துணைக் கம்பெனி வழக்குப் போட்டது. 1994 வரை இழுத்தது. திறமையிலும் அனுபவத்திலும் லினக்ஸைவிடப் பல படி மேலே இருந்த அந்தப் பெர்க்லிப் பிள்ளை கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்த இரண்டு வருஷத்தில், ஹெல்சிங்கிப் பிள்ளை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டது. அமெரிக்க வக்கீல்களுக்கு லினக்ஸ் ஒரு சிலையாவது வைத்திருக்க வேண்டும்.

லினஸின் கோபமும் உள்ளூர்ச் சரக்குதான். சரியில்லாத கோடை அனுப்பியவர்களை அவர் திட்டிய திட்டுக்கள் தனித் தொகுதியாகப் போடும் அளவுக்குத் தேறும். மேஜையைக் குத்திக் காரியம் முடிக்கும் ஃபின்லாந்து மேலாளர்களுக்கு ‘பெர்கெலே நிர்வாகம்’ என்று ஸ்காண்டிநேவியாவில் ஒரு கிண்டல் பெயர் உண்டு. பெர்கெலே என்பது அவர்கள் ஊர்க் கெட்ட வார்த்தை. 2018-இல் லினஸ் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். ஜப்பானில் யுகிஹிரோ மட்சுமோட்டோ உருவாக்கிய ரூபி நிரல்மொழிக்காரர்களைப் பாருங்கள்: எங்கள் மட்ஸ் நல்லவர், ஆகவே நாங்களும் நல்லவர்கள் என்பது அவர்கள் தாரக மந்திரம். அவர் வசிக்கும் மட்சுயே நகரமோ ரூபியை ஊரின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. கும்பகோணத்துக்கு வெற்றிலை மாதிரி.

பிரேசில் கதை வேறு ராகம். 1977 முதல் 1992 வரை அங்கே கம்ப்யூட்டர் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வன்பொருளோ மென்பொருளோ, உள்ளூரில் செய். இல்லையென்றால் இல்லாமல் இரு. அந்தத் தடையால் ஒரு உள்ளூர் ஐ.பி.எம். முளைக்கும் என்று அதிகாரிகள் கனவு கண்டார்கள். முளைத்தது வேறு.

பெட்ரோபிராஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தில் இல்லாத கம்ப்யூட்டர் இல்லை. கிடைத்த இடத்தில் கிடைத்ததை வாங்கிப் போட்ட கதம்பம். பொறியாளர்களுக்கோ எண்ணெய்க் கிணறு தெரியும், நிரல் எழுதத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து மென்பொருள் வரவழைப்பதும் லேசில்லை. எனவே ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்த டெக்கிராஃப் என்ற குழுவிடம் போனார்கள். அங்கே ஏற்கெனவே ‘சோல்’ என்று ஒரு சின்ன நிரல்மொழி இருந்தது. சோல் என்றால் போர்ச்சுகீசிய மொழியில் சூரியன். 1993-இல் ரொபெர்ட்டோ யெருசலிம்ஸ்கியும் இரண்டு சகாக்களும் அதையும் அதன் இன்னொரு பங்காளியையும் சேர்த்து உருட்டிப் புதிதாக ஒன்று செய்தார்கள். சூரியனுக்கு அடுத்து என்ன? லூவா. நிலா.

எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும், நிரலாளர் அல்லாதவருக்கும் புரிய வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும். மூன்றும் பெட்ரோபிராஸின் வறுமைக் குறிப்புகள். அவையே லூவாவின் சாமுத்ரிகா லட்சணங்கள் ஆகிவிட்டன. பிற்பாடு வீடியோ கேம்காரர்கள் எதைத் தேடினார்களோ அது ரியோவில் தயாராகக் கிடந்தது. ஆங்க்ரி பேர்ட்ஸில் குருவி பறந்து பன்றி மேல் விழுவதில் லூவாவுக்குப் பங்கு உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு வலப்பக்கம் வரும் தகவல் பெட்டி பலவற்றைத் திரைக்குப் பின்னால் கட்டித்தருவதும் அதுதான். வேடிக்கை என்னவென்றால், சுதேசித் தடையின் நிழலில் பிறந்த இந்த மொழிக்கு அதைப் படைத்தவரே எழுதிய பாடநூல் முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. உள்ளூர்ச் சாமிக்கு வெளியூரில் கும்பாபிஷேகம் நடந்த பிறகே உள்ளூரில் மதிப்பு வரும் என்பது நமக்குத் தெரியாத விஷயமா?

ஜெர்மனிக்காரர்கள் எதையும் தீர்மானம் போட்டுத்தான் செய்வார்கள். 2003-இல் ம்யூனிக் மாநகராட்சி, விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போகிறோம் என்று முடிவெடுக்கப் போகும் செய்தி கசிந்தது. மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர், பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் நிறுத்திவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேவைப் பார்க்க ஓடி வந்தார். தள்ளுபடி பேசினார். மேயர் அசையவில்லை. மாமன்றம் தீர்மானம் போட்டது. ‘லிமுக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி முடிக்கப் பத்து வருஷம் ஆனது. அதற்குள் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம்.

ஏன் இவ்வளவு நாள்? கம்ப்யூட்டரை மாற்றுவது சுலபம்; படிவங்களை மாற்றுவது சிரமம். ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் பாட்டன் காலத்துக் கடிதத் தாள், தலைப்பு, ‘பார்வை’, ‘பொருள்’ என்று வைத்திருந்தது. இதையெல்லாம் ஒரே வழிக்குக் கொண்டுவர அவர்கள் எழுதிய மென்பொருளின் பெயர் ‘வோல்முக்ஸ்’. முட்டையிட்டு, கம்பளி தந்து, பாலும் கறக்கும் பன்றி என்று ஜெர்மன் மொழியில் எல்லா வேலையும் செய்யும் ஒன்றுக்குச் சொல்வார்கள். அதிலிருந்து எடுத்த பெயர். ஃபின்லாந்து உலகத்துக்கு ஒரு கெர்னலைக் கொடுத்தது, பிரேசில் ஒரு மொழியைக் கொடுத்தது, ம்யூனிக் மாநகராட்சி லெட்டர்பேட் அச்சிடும் கருவியைக் கொடுத்தது. நம் தாலுகா ஆபீஸ்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

2014-இல் மேயர் மாறினார். 2016-இல் மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் நகரத்துக்கு வெளியிலிருந்து ம்யூனிக்குக்கு உள்ளேயே குடி வந்தது. 2017-இல் மாமன்றம் விண்டோஸுக்கே திரும்பலாம் என்று வாக்களித்தது. இரண்டையும் முடிச்சுப் போடுவது என் வேலை இல்லை, ம்யூனிக்காரர்களே போட்டுவிட்டார்கள். 2020-இல் கூட்டணி மாறியது. பொதுப் பணத்தில் செய்த கோடு பொதுவுக்கே என்று புதிய ஒப்பந்தத்தில் எழுதினார்கள். ஆட்சி மாறினால் பெஞ்சுக்குப் பெயிண்ட் மாறுவது நம்மூர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீனாவில் சோறு உண்டு, தண்டம் கிடையாது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரத்தில் ஆறு நாள்: ‘996’ என்பார்கள். 2019-இல் அங்கே நிரலாளர்கள், கோடைப் போட்டுவைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ‘996.ஐசியு’ என்று ஒரு பக்கம் திறந்தார்கள். 996 உழைத்தால் ஐ.சி.யு.வில் படுப்பாய் என்று பொருள். தெருவில் கொடி பிடிக்க முடியாத இடத்தில் கொடியையே ஒரு மென்பொருள் உரிமமாக எழுதினார்கள்: தொழிலாளர் சட்டத்தை மதிக்கும் கம்பெனிதான் இந்தக் கோடைத் தொடலாம். உள்ளூர் பிரௌசர்கள் சில அந்தப் பக்கத்தை மறைத்தன. கிட்ஹப்பையே மொத்தமாகத் தடுக்க மனம் வரவில்லை. கம்பெனிகளின் பிழைப்பும் அங்கேதான் கிடந்தது.

எனக்குப் பிடித்த கதை பிரான்சுடையது. பாரிஸ் அருகே எக்கோல் சென்ட்ரல் என்ற பொறியியல் கல்லூரி விடுதி. 1990-களின் நடுவில் அதன் நெட்வொர்க் ஆமை வேகம். வீடியோ கேம் விளையாட முடியவில்லை. கேம் விளையாட வேகமான நெட்வொர்க் வேண்டும் என்று எந்த நிர்வாகத்திடம் மனு கொடுப்பது? அந்த விடுதி நெட்வொர்க்கை நடத்தியதே மாணவர் சங்கம். பையன்கள் மூளையைக் கசக்கினார்கள். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டிஷ் ஆண்டெனா வாங்குவதற்குப் பதில் ஒரே டிஷ்ஷில் டிவியைப் பிடித்து நெட்வொர்க் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பலாமே, அது ஆராய்ச்சி அல்லவா, அதற்கு வேகமான நெட்வொர்க் வேண்டுமல்லவா என்று பணம் போடக்கூடியவர்களிடம் ஒரு திட்டத்தைப் பவ்யமாக நீட்டினார்கள். நெட்வொர்க் வந்தது. கேம் ஓடியது. சாக்குக்குச் சொன்ன ஆராய்ச்சியையும் செய்து தொலைக்க வேண்டியிருந்தது. அதுதான் வி.எல்.சி. பிளேயர். 2001-இல் கல்லூரி ஒருவழியாக அதைப் பொதுவில் விட ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வக்கீல் நோட்டீஸ் பறக்கக்கூடிய டிவிடி, கோடெக் சமாச்சாரங்களையெல்லாம் அது தைரியமாகச் சுமந்தது. மென்பொருள் காப்புரிமையை பிரெஞ்சுச் சட்டம் மதிப்பதில்லை என்பது அவர்கள் நின்ற தூண். அந்த ஆரஞ்சுக் கூம்பு? இரவில் தண்ணியடித்துவிட்டு வரும்போது சாலையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த கூம்புகளை விடுதியில் அடுக்கிவைத்திருந்தார்களாம். நம் வீட்டில் ஆயிரம் முறை இரட்டைக் கிளிக் செய்த சின்னம், திருட்டுச் சொத்து.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அரசு முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மாநில அரசின் எல்காட் நிறுவனத்தில் இருந்தபோது அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சூசே லினக்ஸுக்கு மாறின. 2011-இல் வந்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. அதைச் சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. எங்கள் தெருப் பையன் ஒருவன் மடிக்கணினி கிடைத்த அன்றே ஓடி வந்தான். “அண்ணே, ஆன் பண்ணா பாஸ்னு ஒண்ணு வருது, அத எப்படி தூக்குறது?” எதற்கு என்றேன். “இடத்த அடைக்குதுண்ணே. படம் ஏத்தணும்.” தூக்கினோம். படம் ஏற்றினான். பார்த்தது வி.எல்.சி.யில்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு எரிச்சலுக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். நாலு வருஷத்தில் டிகிரி, மூன்றாம் வருஷமே கேம்பஸ் இன்டர்வியூ, படிப்புக் கடனின் தவணை முதல் சம்பளத்துக்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருக்கும். சென்னையின் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி.யில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடியதற்கும் காரணம் அதுதான்; மற்ற நாட்களை அவர்கள் ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தார்கள்.

ஆகவே விடுதி வார்டன்களுக்கு ஒரு விண்ணப்பம். இரவு பதினோரு மணிக்கு வைஃபையை அணைக்கும் அந்த சுவிட்சிலிருந்து தயவுசெய்து கையை எடுங்கள். பையன்கள் அறையில் சாலைக் கூம்பு ஏதாவது தென்பட்டால், பெற்றோருக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள்.